வாள்காரர் வீடு

கொற்றங்குளத்தில் கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு மாடிவீடு இருந்தது, அந்த மாடிவீட்டில் செண்பகவடிவு என்று ஒரு பெண் இருந்தாள், அவள் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, ஊசியும் பஞ்சும் சின்னச் சின்னக் குப்பிகளும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஊராருக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்துவந்தாள். யாருக்கு நரம்பு ஓடி ஒளியும், யார் ஊசியைக் கண்டதும் சாமி பெயர் சொல்வார், யார் முந்தின நாள் அல்வாவைத் தின்றுவிட்டு இல்லவே இல்லை என்று சாதிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தினம் அத்தனை பேர் கையைத் தொட்டும் அவள் கையைத் தொட ஒருவரும் இல்லை. ரத்தம் எடுப்பது வெறும் வயிற்றில் என்பதால் எந்த வீட்டிலும் அந்நேரம் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள், ஒரு வாய் காப்பி குடிக்கிறாயா என்று கேட்கவேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. பால் காய்ந்திருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் நாற்பத்தாறு வயதாகியும் வடிவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்படிப்பட்டவளைக் கொற்றங்குளத்தில் பஞ்சு வைத்து அழுத்தும்வரை பொறுத்துக்கொள்வார்களே தவிர உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் வந்த வரன்களையெல்லாம், அம்மாவுக்கு நல்லாகட்டும் என்று சொல்லி அண்ணன் சொரிமுத்து திருப்பி அனுப்பினான், அம்மாவுக்கு நல்லாகவும் இல்லை, வரன்களும் ஒரு கட்டத்தில் நின்றுபோயின. அம்மா போனபிறகு, பக்கத்து ஊரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்த சொரிமுத்து ஒருநாள் வந்து, காலையில் போய் இருட்டித் திரும்புகிற ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய டிவி என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனான். சுவரில் இரண்டு இரும்புக் கொக்கிகள் மட்டும் மிச்சமாக நின்றன.

அந்தக் கொக்கிகள் வடிவின் உயிரை வாங்கின. கண்விழித்தால் முதலில் தெரிவதும் அவைதான், விளக்கை அணைக்கும்போது கடைசியாகத் தெரிவதும் அவைதான். காலண்டரை மாட்டிப் பார்த்தாள், ஒரு கொக்கி அநாதையாக நின்றது. சாமி படத்தை மாட்டினாள், சாமி ஒருபக்கமாகச் சாய்ந்தார். இரண்டுக்கும் சேர்த்து நீளமாக ஏதாவது வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டே போனபோது, சுவர்க் கடிகாரங்களையும் திரைச்சீலைக் கம்பிகளையும் தாண்டி, போன் அவளுக்கு வாள்களைக் காட்டியது. பழங்காலத்துச் சீமை வீரர்களின் வாள்களைப் பார்த்துச் செய்த நகல்கள், கூர் கிடையாது, சுவரில் மாட்ட மட்டும் என்று போட்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் சாப்பிடும்போது பார்க்க ஏதாவது வேண்டுமே என்று அவள் தினமும் சாயங்காலம் அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், பார்க்கப் பார்க்கத் தரம் பிடிபட்டது. பிடியில் சிவப்புக் கல் பதித்தவை திருவிழாக் கடைச் சாமான் மாதிரி இருந்தன. பறவை இறக்கையெல்லாம் வைத்தவற்றைத் தூசி தட்ட முடியாது. கைவேலைப்பாடு மிகுந்தவை நகைக்கடை விலையில் இருந்தன. கடைசியில் ஒன்று அகப்பட்டது, நேரான அலகு, குறுக்கே ஒரு கம்பி, பழுப்புத் தோல் சுற்றிய பிடி, முனையில் உருண்டையாக ஒரு குமிழ், விலை அவள் தீபாவளிக்கு எடுக்கிற சுமாரான புடவைக்கு மேல் போகவில்லை. அதற்குக் கீழே வாங்கியவர் யாரோ ஒருவர், தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கிறது, கிட்டே வந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே வடிவு அதை வாங்கினாள்.

இங்கே கொற்றங்குளத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாளையக்காரர் காலத்தில் அந்த ஊர் ஆண்கள் பாதிநாள் சண்டையில்தான் இருப்பார்கள், குறித்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்துசேர முடியாவிட்டால் அவனுடைய வாளை அனுப்பிவைப்பான், அதைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் கிடத்திப் பூச்சூட்டி, அதே சரத்தில் மிச்சமிருக்கும் பூவைப் பெண்ணுக்குச் சூட்டினால், கெட்டிமேளம் முழங்கியதும் கல்யாணம் முடிந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை, ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

தெரிந்திருந்தும் அன்றைக்கு எதிர்வீட்டுப் பிரம்மசக்திக்கு அது நினைவுக்கு வரவில்லை. பிரம்மசக்தியின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான், அவள் வீட்டுக் கொடியில் அவனுடைய நீலக் கட்டம்போட்ட சட்டை ஒன்று எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும், மாடியில் அந்த இரண்டு வீடுகள்தான். ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில் பார்சல் வந்து, வடிவு அதைப் பிரித்துத் தரையில் வைக்கப் போனபோது அவள் தடுத்து, ஆயுதத்தை வெறுந்தரையில் வைப்பார்களா என்று கடிந்துகொண்டு, பலகையைப் போட்டு, வாளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, தன் தலைக்கு வாங்கி வைத்திருந்த பிச்சிப்பூவில் ஒரு முழம் கிள்ளி அதற்குச் சுற்றினாள். மிச்சத்தை, சும்மா கிடந்து வாடுவானேன் என்று வடிவின் தலையில் வைத்தாள். அந்தக் கணத்தில்தான் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் எவனோ ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்க, நாயனமும் தவிலும் கெட்டிமேளம் கொட்டின. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வாளுக்குக் கீழே சுவரில் ஓர் ஆணின் நிழல் நின்றது. நல்ல உயரம், தோள்வரை முடி, எடுப்பான மூக்கு, ஒரு கை உயர்ந்து வாளின் பிடியைப் பற்றியிருந்தது. அறையில் ஆள் யாரும் இல்லை. வடிவு கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்குக் காணுமா என்று சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள்.

ஊர் வந்து பார்த்தது. பெண்கள் சீனியும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள், ஆண்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நிழலுக்கு நேரே நின்று வணக்கம் சொன்னார்கள். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிக்க எல்லோருக்கும் நாக்கு துடித்தது, நிழலிடம் கேட்டுப் பயனில்லை என்பதால் அடக்கிக்கொண்டார்கள். சீமைக்காரனாம் என்று யாரோ இழுக்க, ஜவுளிக்கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனின் நிழலும் நம்முடையதைப் போலக் கறுப்பாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பால்காரர் கேட்காமலே கூடக் கொஞ்சம் பால் ஊற்றினார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறவர்கள், குடும்பத் தலைவன் இல்லாத வீடு என்று அத்தனை வருஷமும் அவள் வாசலைத் தாண்டிப் போனவர்கள், முதல்முறையாகப் படியேறி வந்தார்கள். பெயர் என்ன போடட்டும் என்று கேட்டார்கள், வடிவுக்குத் தெரியவில்லை, வாள்காரர் என்று போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிழலுக்கு அதுவே பெயர், அவள் வீடு வாள்காரர் வீடு. வரி கொடுத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஜீவன் அந்த ஊரில் வேறு இருந்திருக்காது.

பிறகு காப்பி வந்தது. வடிவு ரத்தம் எடுத்து முடித்ததும், இரு, வாள்காரர் எழுந்திரிக்க இன்னும் நேரமிருக்கும்லா என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார்கள், நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்து அவள் நாக்கு பொத்துப்போனது, வேண்டாம் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. பெண்ணழைப்புக்கு ஆலத்தி எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். தபால்காரர் பேத்தியின் வளைகாப்பில் வரிசையில் அவளையும் உட்காரவைத்து, இரண்டு கையிலும் முழங்கைவரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், வளையல்காரி அவள் விரல்களைக் குவித்து அழுத்தி ஏற்றியபோது, தன் கையை இன்னொருவர் இவ்வளவு நேரம் பிடித்திருப்பது எத்தனை காலத்துக்குப் பிறகு என்று நினைத்து வடிவு அழுதுவிட்டாள். வலிக்கிறது போலும் என்று சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிரம்மசக்தி தினமும் அந்திக்கு இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், ஒன்று வடிவுக்கு, ஒன்று வாள்காரருக்கு.

வாள்காரர் குடிக்கவில்லை. அவர் திரும்பவே இல்லை. எந்நேரமும் ஒருபக்கமாக நின்று சன்னலுக்கு வெளியே மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டில் புதுச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று சாப்பிட்டுக்கொண்டே அவள் சொல்வாள், அவர் மேற்கைப் பார்ப்பார். ஆறிப்போன இரண்டாவது டம்ளரையும் அவளே குடிப்பாள். வாளைக் கட்டிக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. புருஷன் வேறெங்கோ இருக்கிறான் என்பதற்குத்தானே வீட்டுக்கு வாள் வருகிறது. இதற்கு முன்னால் அவள் தனியாக இருந்தாள், ஆனால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இப்போது காத்திருக்கவும் வேண்டியிருந்தது, அது தனியாக இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் சொரிமுத்து வந்தான். பட்டுக்கரை வேட்டியும் சட்டையும் ஒரு தட்டில் வைத்து, தங்கையின் டிவியை எடுத்துப்போன அதே சுவருக்கு முன்னால் நின்று, நிழலைப் பார்த்துக் கை கூப்பினான்.

"தல தீவாளி மாப்ள. ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துரணும். அம்மா இருந்தா அவதான் கூப்பிட்டிருப்பா."

வடிவு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் வாளைப் புது வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன்பஸ்ஸில் ஏறினாள். அது சாமானா என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லோருமாக, அது அவள் வீட்டுக்காரர் என்று சொன்னார்கள். அப்படியானால் பெண்ணுக்கு இலவசம், ஆணுக்கு டிக்கெட் உண்டு என்று அவர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், இரண்டு பேர் உட்காரும் சீட்டில் பக்கத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. அந்த டிக்கெட்டை வடிவு பர்சுக்குள் பத்திரப்படுத்தினாள்.

அண்ணன் வீட்டில் பலகை போட்டுக் கோலமிட்டு வாளைக் கிடத்தினார்கள், அண்ணி அலகுக்கு நல்லெண்ணெய் தடவிச் சீயக்காய் தேய்த்தாள், வாள்காரரின் நிழல் அந்த வீட்டுச் சுவரில் நிமிர்ந்து நின்றது, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை சண்டைக்காரர் என்பதை மட்டும் அத்தனை பேரும் மறந்துபோனார்கள். விடியும் நேரத்தில் தெருக்கோடியில் முதல் சரவெடி பற்றிக்கொண்டு படபடத்ததும், அத்தனை மாதமும் அசையாத நிழல் விறைத்து நிமிர்ந்தது. அடுத்த தெருவில் அணுகுண்டு வெடித்தது. வாள்காரர் சுவரைவிட்டு நகர்ந்தார், கதவின் மேல் ஓடினார், முற்றத்துத் தரையில் நீண்டார், காம்பவுண்டுச் சுவரில் ஏறி இறங்கி, புகை மண்டிய தெருவில் மேற்கே பார்த்துப் போனார். வடிவு எண்ணெய்த் தலையோடு வாசல்வரை ஓடினாள். என்னங்க என்று கூப்பிட்டாள். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. அடுத்த சரம் வெடித்ததில் அது அவளுக்கே கேட்கவில்லை.

சண்டைக்குப் போனவர் வந்துவிடுவார் என்றுதான் ஊர் முதலில் சொன்னது. கார்த்திகை போய் மார்கழி வந்தது, சுவரில் வாள் தொங்கியது, கீழே ஒன்றும் இல்லை. தை பிறப்பதற்குள் ஆள் திரும்பாவிட்டால் வாளைக் குளத்தில் போட்டுவிட்டுப் பெண் பூவை எடுத்துவிட வேண்டும், அதுவும் அந்த வழக்கத்திலேயே உண்டு என்று யாருக்கோ நினைவு வந்தது. யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் பால் இன்னும் வரவில்லை என்றார்கள். தபால்காரர் வீட்டில் நாற்காலி மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். தை முகூர்த்தத்துக்கு ஆலத்தி எடுக்க வரச் சொன்னவர்கள், தட்டுக்கு வேறு ஆள் இருக்கிறது, நீ சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். வடிவு வளையல்களைத் தடவிக்கொண்டே படியிறங்கினாள். இத்தனை வருஷம் காப்பியில்லாமல் இருந்தவளுக்கு இப்போது அது இல்லாமல் இருக்க முடியவில்லை, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில், அம்மன் கோயிலிலிருந்து ஜனங்கள் அவள் சன்னலுக்குக் கீழே திரும்பிக்கொண்டிருந்த நேரம், வடிவு வாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். பின்னலை அவிழ்த்துத் தோளில் விட்டாள். அறையின் கோடியில் முக்காலி மேல் விளக்கை வைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பக்கவாட்டில் நின்று வாளை உயர்த்திப் பிடித்தாள். தெருவில் நடை நின்றது. வாள்காரர் வந்துட்டாருடோய் என்று ஒரு குரல் கேட்டது, செருப்புச் சத்தங்கள் கலைந்து வீடுகளுக்கு ஓடின.

மறுநாள் காலையில் எல்லா வீட்டிலும் பால் காய்ந்தது. சண்டையில் காயம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள், சௌக்கியமாக இருக்கிறார், அலுப்பில் யாரையும் பார்ப்பதில்லை என்று வடிவு சொன்னாள், சொல்லிக்கொண்டே நாக்கு பொத்தும்படி குடித்தாள். அதன்பிறகு தினமும் அந்தியில் நின்றாள். வாள் கனமாக இருந்தது. கை நடுங்கினால் ஊர் பார்த்துவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, தெருவில் கடைசி ஆள் போகும்வரை நின்றாள், நின்றுகொண்டே, சன்னலுக்கு வெளியே மேற்கில் எதைத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யோசித்தாள். திரைதான் தெரிந்தது. வாளை மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை எடுத்து வாயில் வைக்கக் கை வராது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது சொரிமுத்துவிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வந்த சேதி கேட்டு மனசு நிறைந்துவிட்டது, பொங்கல்படிச் சீர் கொண்டு நாளைக்கே வருகிறேன், அவரை நேரில் பார்த்து வணங்கிவிட்டுத்தான் போவேன் என்றான். வடிவு சரி என்று போனை வைத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, கோயில் மணி கேட்டது. வேறென்ன செய்வது என்று தெரியாமல் அவள் முடியை அவிழ்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, வாளை எடுத்து நின்றாள்.

கதவு திறந்தது. கையில் இரண்டு டம்ளரோடு பிரம்மசக்தி நின்றாள். நடுவில் நிறுத்தியிருந்த காப்பியை, வாள்காரர் திரும்பிவிட்டார் என்று ஊர் சொன்ன மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் வாசலில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள், உள்ளே வந்ததில்லை. இப்போது உள்ளே வந்து, கதவைக் காலால் சாத்திவிட்டு, வடிவையும் வாளையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். வடிவின் கை கீழே இறங்கவில்லை, கீழே இறக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல அப்படியே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"தெருவுல நின்னு பாத்துட்டுத்தான் வாரேன்" என்றாள் பிரம்மசக்தி. "வளையல் தெரியுது வடிவு."

வடிவு மற்றக் கையால் வளையல்களைப் பொத்திக்கொண்டாள்.

"கழட்டிட்டு நில்லு."

"கழட்ட மாட்டேன் மதினி."

பிரம்மசக்தி டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். ஊரைக் கூட்டப் போகிறாள் என்று வடிவு நினைத்தாள். அவள் தன் வீட்டுக் கொடிவரைக்கும்தான் போனாள், திரும்பி வந்தபோது கையில் அந்த நீலக் கட்டம்போட்ட சட்டை இருந்தது. கிட்டத்தில் பார்க்க அது வெளிறி, காலரில் நூல் பிரிந்து, ஒருவர் உடம்பிலும் படாத துணிக்குரிய மொடமொடப்போடு இருந்தது.

"முழுக்கைதான். போட்டுக்கோ, வளையல மறைச்சுரும்" என்றாள். "இந்தச் சட்டைய ஒரு ஆம்பள போட்டு எத்தன வருசம் ஆச்சுன்னு நெனக்க? அந்த மனுசன் அங்கயே ஒரு குடும்பத்தப் பாத்துக்கிட்டாரு. நா தெனமும் நனைச்சுக் காயப்போடுதேன்."

வடிவு மெல்ல வாளை இறக்கினாள். சட்டையை வாங்கிக்கொண்டு, அப்படியானால் உங்கள் கொடிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பகலில் கொடிக்கு, சாயங்காலம் உனக்கு, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம் என்றாள் பிரம்மசக்தி. நாளைக்கு அண்ணன் வருகிறானே என்றதற்கு, வெளியே போயிருக்கிறார் என்று சொல், இன்ன நேரத்துக்கு வருவார் என்று சொல்லாதே, நேரம் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று, வெகுநாள் பழகியவளாகச் சொன்னாள்.

வடிவு புடவைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டாள், பிரம்மசக்தி முன்னால் நின்று, மணிக்கட்டுப் பொத்தானை வளையல்களுக்கு மேலாக இழுத்துப் பூட்டிவிட்டாள், பூட்டி முடித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. கீழே கோயில் ஜனங்களின் பேச்சு நெருங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல இதக் குடி, ஆறிரும்."

வடிவு தன் டம்ளரை எடுத்தாள். பிரம்மசக்தி வாள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, வாள்காரருக்கு என்று கொண்டுவந்த இன்னொரு டம்ளரை எடுத்து, சூடு ஆறுவதற்குள் குடித்தாள்.